படம் வந்துவிட்டால் வேலை முடிந்ததாகாது, தம்பி

கோவை
2025 டிசம்பர்

அன்புத் தம்பிக்கு,

நர்சிங் ஹோம் வேலை உனக்குக் கிடைத்திருக்கிறது என்று அம்மா போனில் சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. சொந்தமாகக் கடை போட்ட கொஞ்ச நாளிலேயே 16 கேமரா சைட் கையில் வருவது சின்ன விஷயம் இல்லை. கேபிள் இழுப்பதிலும் ராக் கட்டுவதிலும் உன் வேலை எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் அந்த டாக்டரம்மா உன்னைக் கூப்பிட்டிருப்பார்.

ஆனால் அன்று பேசும்போது நீ சொன்ன ஒன்று எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. "டாக்டரம்மாவுக்கு வீட்டிலிருந்தே போனில் பார்க்கணுமாம். ரௌட்டரில் போர்ட் திறந்து விட்டுடறேன். படம் வந்துட்டா சைட்டை ஒப்படைச்சிடலாம்" என்றாய். போனில் நான் மறுத்துப் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சைட்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பொறுமையாகப் படி.

இந்த வருஷம் பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் நடந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அங்கே ஒரு மகப்பேறு மருத்துவமனையில், பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்குள்ளேயே கேமரா இருந்தது. அதன் பதிவுகள் வெளியே போய்விட்டன. யூடியூபில் துணுக்குகளாகப் போட்டு, மீதியைப் பார்க்க டெலிகிராமில் பணம் வாங்கினார்கள். ஆமதாபாத் சைபர் கிரைம் போலீசார் வழக்குப் பதிந்து மகாராஷ்டிரத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆட்களைப் பிடித்தார்கள். விசாரிக்க விசாரிக்க, அந்த ஒரு மருத்துவமனையோடு இது நிற்கவில்லை, பல மாநிலங்களில் பள்ளி, அலுவலகம், வீடு என்று எத்தனையோ இடங்களின் கேமராக்களுக்குள் அவர்கள் போய் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த மருத்துவமனைக் கேமராவின் பாஸ்வேர்டு "அட்மின்123" என்று பிறகு செய்திகளில் வந்தது.

போன மாதக் கடைசியில் தென்கொரியப் போலீஸ் அறிவித்ததும் இதே கதைதான். வீடுகள், கடைகள் என்று 1,20,000-க்கு மேற்பட்ட இணையக் கேமராக்களுக்குள் புகுந்ததாக நான்கு பேரைப் பிடித்திருக்கிறார்கள். அதில் ஒரு மகப்பேறு மருத்துவரின் கிளினிக்கும் இருக்கிறது. நான்கு பேரும் ஒரே கும்பல் இல்லை, அவரவர் தனித்தனியாகச் செய்தது. அவர்களில் ஒருவன் மட்டும் சுமார் 63,000 கேமராக்களைத் திறந்திருக்கிறான். அங்கேயும் காரணம் சுலபமான பாஸ்வேர்டுகள்தான்.

இந்த இரண்டு செய்தியிலும் பேசப்படாத ஓர் ஆள் இருக்கிறார் தம்பி. அந்தக் கேமராக்களை மாட்டிக் கொடுத்தவர். அவர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். நன்றாகக் கேபிள் இழுத்திருப்பார், படம் வருகிறதா என்று பார்த்திருப்பார், பில் போட்டிருப்பார். அதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்திருப்பார். நீ அந்த ஆளாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது.

போர்ட் திறந்துவிட்டால் என்ன ஆகிறது என்று முதலில் சொல்கிறேன். நர்சிங் ஹோமின் நெட் இணைப்புக்கு வெளியுலகம் அறிந்த ஓர் ஐ.பி. முகவரி உண்டு. அந்த முகவரியைத் தேடி வெளியிலிருந்து யார் வந்தாலும் ரௌட்டர் உள்ளே விடாது. அதுதான் அதன் இயல்பு. நீ உள்ளே போய் 80, 554, 8000, 37777 என்று எண்களைப் போட்டு, இந்த எண்ணில் வருபவரை நேராகக் கேமராப் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரிடம் அனுப்பு என்று சொல்லிவிடுகிறாய். ரௌட்டருக்கு டாக்டரம்மாவைத் தெரியாது. அவர் வந்தாலும் அனுப்பும், உலகின் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் அனுப்பும். தெருக்கதவைத் திறந்து வைத்துவிட்டு, வீட்டுக்காரர் மட்டும்தான் வருவார் என்று நம்புகிற மாதிரி இது.

இத்தனை கோடி முகவரியில் நம் ஊர் நர்சிங் ஹோமை எவன் தேடி வரப்போகிறான் என்று உனக்குத் தோன்றலாம். தேடி வரவே வேண்டாம். பழைய முறை ஐ.பி. முகவரிகள் உலகம் முழுவதற்கும் சேர்த்துச் சுமார் 430 கோடிதான். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சீமேப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நல்ல வேகமான இணைப்பு இருந்தால் ஒரே கணினியிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட்டை 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று செய்தே காட்டினார்கள். அதற்கும் முன்பே, 2009இல், ஜான் மேதர்லி தொடங்கிய ஷோடான் என்ற தேடுபொறி, இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டே வைத்திருக்கிறது. எந்த ஊர், எந்தக் கம்பெனியின் டி.வி.ஆர்., எந்த போர்ட் என்று அதில் தேடலாம். பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு அது பெரிய உதவி. ஆனால் தேடுகிறவர்கள் எல்லாரும் ஆராய்ச்சியாளர்கள் இல்லை. எங்கள் அலுவலக ஃபயர்வால் லாக்கை நான் தினமும் பார்க்கிறேன். இரவு பகல் இல்லாமல் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். தட்டுவது பெரும்பாலும் மனிதர்கள்கூட இல்லை, தானாக ஓடும் நிரல்கள். அவற்றுக்கு நெல்லையும் ஒன்றுதான், நியூயார்க்கும் ஒன்றுதான்.

நீயே போர்ட் திறக்காவிட்டாலும் அது திறந்துகொள்ளக்கூடும் என்பதையும் தெரிந்துகொள். யு.பி.என்.பி. என்று ரௌட்டரில் ஒரு வசதி இருக்கும். பல ரௌட்டர்களில் வரும்போதே ஆன் செய்து வைத்திருப்பார்கள். டி.வி.ஆரிலும் அது ஆனில் இருந்தால் டி.வி.ஆர். ரௌட்டரிடம் தானாகக் கேட்டு போர்ட்டைத் திறந்துகொள்ளும். உனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அதனால் எந்த சைட்டிலும் முதல் வேலையாக இரண்டு பக்கமும் அதை ஆஃப் செய். நெட் கம்பெனி ஐ.பி.வி.6 என்ற புதுமுறை முகவரியும் கொடுத்திருந்தால், அந்தப் பக்கமும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பார். நம் பக்கத்து ஃபைபர் இணைப்பு பலவற்றில் ஒரே பழைய முறை (ஐ.பி.வி.4) முகவரியை நிறையப் பேர் பங்கிட்டுக்கொள்வதால் போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வர முடியாது. அதை நம்பி ஐ.பி.வி.6 பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

பாஸ்வேர்டு விஷயத்தில் உன் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அதை நான் நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு இன்ஸ்டாலரும் தனக்கென்று ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு எல்லா சைட்டுக்கும் அதையே போடுகிறார். கடைப் பெயரும் வருஷமும், இல்லையென்றால் கடையின் போன் நம்பர். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். கஸ்டமர் மறந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவார். டி.வி.ஆரை ரீசெட் செய்யக் கம்பெனிக்கு மெயில் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்துதான். ஆனால் உன்னிடம் வேலை பார்த்துவிட்டுப் போகும் ஒவ்வொரு பையனும் அந்த ஒரே பாஸ்வேர்டைத் தலையில் எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு சைட்டில் அது வெளியே தெரிந்தால் நீ கட்டிய அத்தனை சைட்டும் அன்றைக்கே திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மாற்று கஷ்டமானது இல்லை. சைட்டுக்கு சைட் வேறு வேறு பாஸ்வேர்டு போடு. நீளமாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வார்த்தை சேர்த்தாலே போதும். அட்மின் பாஸ்வேர்டை உரிமையாளரையே டைப் செய்யச் சொல். ஒரு தாளில் எழுதி அவர் பீரோவில் பத்திரமாக வைக்கச் சொல். டி.வி.ஆர். மேல் ஸ்டிக்கராக ஒட்டாதே, வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. மறந்தால் மீட்பதற்கு டாக்டரம்மாவின் மெயிலையும் நம்பரையும் பதிவு செய், உன்னுடையதை வேண்டாம். சர்வீசுக்காக உனக்குத் தனியாக ஒரு யூசர் வைத்துக்கொள். ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்தால் அவர் அதை நீக்கிவிடலாம். வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கு வாசல் கேமரா மட்டும் தெரிகிற மாதிரி ஒரு யூசர் போதும். எல்லாருக்கும் அட்மின் கொடுக்காதே.

கருவியோடு வரும் பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதன் விளைவை உலகம் பெரிய அளவில் பார்த்தாயிற்று. 2014இல் இன்செகாம் என்றொரு தளம் அப்படி மாற்றாமல் விட்ட கேமராக்களைத் திரட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று நேரலையாகவே போட்டது. பல்லாயிரம் கேமராக்கள், எத்தனையோ நாடுகள். அந்த வருஷம் நவம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமே மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2016இல் அந்த விளைவு வேறொரு விதமாக வந்தது. மிராய் என்ற நிரல், கேமரா, டி.வி.ஆர்., ரௌட்டர்களைத் தேடிப் போய், 60-க்குச் சற்று அதிகமான பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் வித்தை. அதிலேயே லட்சக்கணக்கான கருவிகள் வசப்பட்டன. அவற்றை வைத்து அக்டோபர் 21ஆம் தேதி டைன் என்ற கம்பெனியைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்சும் பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதியதாக ஒப்புக்கொண்ட மூன்று பேரும் இளைஞர்கள். தன் கடைச் சுவரில் இருக்கும் கேமரா அன்றைக்கு என்ன செய்தது என்று அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? படம் வழக்கம்போல வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

நல்ல பாஸ்வேர்டு போட்டால் போர்ட் திறக்கலாமா என்று நீ கேட்பாய். கூடாது என்றுதான் சொல்வேன். 2012 ஜனவரியில் அமெரிக்காவில் டிரெண்ட்நெட் கம்பெனியின் சுமார் 700 கேமராக்களின் நேரலை வெளியானது. மென்பொருளில் இருந்த பிழையால், பாஸ்வேர்டு வேண்டும் என்று உரிமையாளர் வைத்திருந்தும் அது கேட்கப்படவே இல்லை. தொட்டிலில் தூங்கும் குழந்தைகள்வரை ஊரார் பார்வைக்கு வந்தார்கள். அமெரிக்க வணிக ஆணையம் அந்தக் கம்பெனி மேல் நடவடிக்கை எடுத்தது. 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்களில் ஒரு ஓட்டை தெரியவந்தது. பெயரும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம், வெளியிலிருந்தே கேமராவை முழுசாகத் தன் வசமாக்கலாம். கம்பெனி உடனே புது ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) கொடுத்தது. ஆனால் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2022 ஆகஸ்டில், சைஃபர்மா என்ற நிறுவனம் தேடிப் பார்த்தபோது 80,000-க்கு மேற்பட்ட கேமராக்கள் அந்தத் திருத்தம் போடப்படாமலேயே இணையத்தில் இருந்தன. அதே 2021இல் தாஹுவா கருவிகளிலும் பாஸ்வேர்டைத் தாண்டிப் போகும் ஓட்டை வெளியானது. நீ அதிகம் மாட்டுகிற கம்பெனிகள்தானே இவை? எந்தக் கம்பெனிக்கும் நாளைக்கு இது வரலாம். அதனால்தான் சொல்கிறேன், டி.வி.ஆரின் முகம் நேராக இணையத்தைப் பார்க்கவே கூடாது. ஃபர்ம்வேரை மாட்டும்போதே புதுசாக்கு. ஏ.எம்.சி. விசிட்டில் கேமராவின் கண்ணாடியைத் துடைப்பதுபோல ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பார்ப்பதையும் வழக்கமாக வைத்துக்கொள். கம்பெனியே ஃபர்ம்வேர் கொடுப்பதை நிறுத்திவிட்ட பழைய டி.வி.ஆராக இருந்தால், நெட் கேபிளைக் கழற்றிவிட்டு உள்ளூரில் மட்டும் ஓட விடு.

அப்படியானால் டாக்டரம்மா வீட்டிலிருந்து எப்படிப் பார்ப்பார்? இரண்டு வழி இருக்கிறது. நல்ல வழி வி.பி.என். அந்த வசதி உள்ள ரௌட்டர் ஒன்றை வைத்து, அவர் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தால், அவர் போன் முதலில் அந்த நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வந்து, பிறகுதான் டி.வி.ஆரைத் தொடும். வெளியாருக்கு அங்கே டி.வி.ஆர். இருப்பதே தெரியாது. வயர்கார்டு என்ற முறை இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ இங்கே வா, உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன். நெட் கம்பெனி தனி ஐ.பி. கொடுக்காவிட்டாலும் அதற்கு வழி இருக்கிறது.

இரண்டாவது வழி, க்யூ.ஆர். ஸ்கேன் செய்து சேர்க்கும் கம்பெனி ஆப். போர்ட் திறக்க வேண்டியதில்லை என்பதால் நீ சொன்ன வழியைவிட அது மேல். ஆனால் அதிலும் கவனம் வேண்டும். பெயர் தெரியாத மலிவுக் கேமரா ஆப்களை நம்பாதே. 2019இல் பால் மராபீஸ் என்ற ஆராய்ச்சியாளர், அப்படிப்பட்ட 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பயன்படுத்திய ஓர் இணைப்பு முறையில் கருவியின் அடையாள எண்ணை ஊகித்தே உள்ளே போகலாம் என்று கண்டுபிடித்தார். பெரிய கம்பெனிகளும் விலக்கு இல்லை. 2021 மார்ச்சில் வெர்காடா கம்பெனியின் உயர்நிலை அட்மின் கணக்கு வெளியாள் கையில் சிக்கி, மருத்துவமனை, பள்ளி, சிறை என்று சுமார் 1,50,000 கேமராக்களின் படம் தெரிந்தது. 2024 பிப்ரவரியில் வைஸ் கம்பெனியில் ஏற்பட்ட கோளாறில் சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் படம் வந்தது. ஆகவே ஆப் வழியைத்தான் எடுப்பாய் என்றால், கணக்கை டாக்டரம்மா பெயரில் அவர் நம்பரிலேயே தொடங்கு, உன் கடைக் கணக்கில் சேர்க்காதே. இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் ஆன் செய். டி.வி.ஆரின் க்யூ.ஆர். ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து "இன்றைய வேலை" என்று ஸ்டேட்டஸ் வைக்காதே. எந்தக் கேமரா வெளியிலிருந்து தெரிய வேண்டும் என்று அவரிடம் கேட்டு, அதை மட்டும் கொடு. வாசலும் பார்மசியும் தெரிந்தால் அவருக்குப் போதுமானதாக இருக்கலாம்.

நெட்வொர்க்கையும் பிரித்து வை. நோயாளிகள் பயன்படுத்தும் வைஃபையும், பில்லிங் கம்ப்யூட்டரும், கேமராவும் ஒரே சுவிட்சில் கிடந்தால், வெயிட்டிங் ஹாலில் போனோடு உட்கார்ந்திருப்பவர்கூட டி.வி.ஆரின் லாகின் பக்கம்வரை வந்துவிடலாம். கேமராவிலிருந்து பில்லிங் கம்ப்யூட்டருக்குப் போகவும் அதே வழி உதவும். நெட்வொர்க்கைப் பிரிக்கும் வி-லேன் வசதி உள்ள சுவிட்ச் வாங்க பட்ஜெட் இல்லையென்றால், வைஃபையில் விருந்தினர் நெட்வொர்க்கைத் தனியாக்கி, அதிலிருந்து உள் நெட்வொர்க் தெரியாதபடியாவது செய்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் இது ரௌட்டரில் செய்கிற வேலை இல்லை, வாயால் சொல்ல வேண்டிய வேலை. பரிசோதனை அறை, பிரசவ அறை, ஊசி போடும் இடம், ஸ்கேன் அறை, தாய்மார் பால் கொடுக்கும் இடம், உடை மாற்றும் இடம் இவற்றில் கேமரா வைக்காதே. கேட்டாலும் வைக்காதே. ராஜ்கோட்டில் பாஸ்வேர்டு பலமாக இருந்திருந்தாலும், அந்த அறையில் கேமரா இருந்ததே முதல் தவறு. எடுக்காத படத்தை யாராலும் திருட முடியாது. டாக்டரம்மா மருந்து திருட்டுக்காகவோ சண்டை வம்புக்காகவோ கேட்பார். நியாயமான கவலைதான். அதற்கு நடைபாதையிலும் மருந்து அலமாரி பக்கத்திலும் வரவேற்பிலும் வைத்துக் கொடு. அறைக் கதவின் வெளிப்பக்கம் வைத்தால் யார் உள்ளே போனார், யார் வந்தார் என்பது பதிவாகிவிடும். கதவு திறக்கும்போது கட்டில் தெரியாத கோணமா என்று நின்று பார். தெரிந்தால் அந்தப் பகுதியை மறைக்க டி.வி.ஆரிலேயே ப்ரைவசி மாஸ்க் இருக்கிறது. மைக் உள்ள கேமராவென்றால் ஆடியோவை ஆஃப் செய். டாக்டரும் நோயாளியும் பேசுவது பதிவாக வேண்டியதில்லை. எத்தனை நாள் பதிவு தேவை என்று கேட்டு அத்தனை நாளுக்கு மேல் அழிகிற மாதிரி வை.

அம்மாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் என்னையறியாமல் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். எல்லாப் பெண்களும் இப்படிப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய நிலையும் வரக் கூடாது. வலியோடு வருகிறவளுக்கு அந்த வட்டக் கண்ணாடி எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாது. அவள் டாக்டரை நம்பி வருகிறாள். டாக்டர் உன்னை நம்பிக் கேமரா வைக்கிறார். அந்த நம்பிக்கை கடைசியில் வந்து நிற்பது உன் கையில்.

இவ்வளவும் செய்தால் கொட்டேஷன் ஏறும், பக்கத்துக் கடைக்காரன் குறைவாகக் கேட்டு வேலையை எடுத்துவிடுவான் என்பாய். ஏறுவது பெரும்பாலும் உன் நேரம்தான் தம்பி, பொருள் செலவு கொஞ்சம். அதைக் கொட்டேஷனிலேயே தனி வரியாக எழுது: பாதுகாப்பு அமைப்பு, ஃபர்ம்வேர், தனி நெட்வொர்க் என்று. ஏன் என்று கேட்பார்கள். ராஜ்கோட்டைச் சொல். எந்த டாக்டரும் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சட்டமும் இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் 2020இலும் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29லும் அமலுக்கு வந்த சட்டங்கள், எல்லாக் கருவிக்கும் ஒரே பொதுப் பாஸ்வேர்டு வைத்து விற்பதைத் தடுக்கின்றன. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 9 முதல், பாதுகாப்புச் சோதனையில் தேறிய கேமராக்களைத்தான் விற்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சான்று இல்லாத பழைய சரக்கை வாங்கி மாட்டாதே. ஆனால் சான்றிதழ் பெட்டியோடு வருகிறது, பெட்டியைத் திறந்தபின் நடப்பதெல்லாம் நீ செய்வது. சான்று பெற்ற கேமராவுக்கும் "அட்மின்123" போட்டு போர்ட்டைத் திறந்துவிட்டால் அதற்கு எந்தச் சட்டம் காவல் நிற்கும்?

சைட்டை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய். உன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து அந்த நர்சிங் ஹோமின் ஐ.பி. முகவரியை பிரௌசரில் போட்டுப் பார். எதுவும் வரக் கூடாது. போர்ட் சோதிக்கும் தளங்களில் நான் மேலே எழுதிய எண்களைப் போட்டுப் பார், எல்லாம் மூடியிருப்பதாகக் காட்ட வேண்டும். அதன் பிறகு டாக்டரம்மாவின் போனில் படம் வந்தால், அப்போது வேலை முடிந்தது.

என்றைக்காவது ஒரு கஸ்டமர் தன் இடத்துப் படம் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னால் பதறி டி.வி.ஆரை ரீசெட் செய்துவிடாதே. லாக் அழிந்துவிடும், போலீசுக்கு அதுதான் ஆதாரம். நெட் கேபிளை மட்டும் கழற்று, கருவியை அப்படியே வை. தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலோ 1930 எண்ணிலோ உடனே புகார் கொடுக்கச் சொல். அந்தப் படத்தை உண்மையா என்று பார்க்கக்கூட யாருக்கும் அனுப்ப விடாதே. அனுமதியின்றி ஒருவரின் அந்தரங்கப் படத்தை எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் மூன்று வருஷம்வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

இன்னொரு வேண்டுகோள். நீ இதுவரை மாட்டிக் கொடுத்த கடைகள், வீடுகள், பெண்கள் விடுதி எல்லாவற்றுக்கும் ஒரு சுற்றுப் போய் வா. பணம் கேட்காதே. போர்ட் திறந்திருந்தால் மூடு, பாஸ்வேர்டை அவர்களையே மாற்றச் சொல், ஃபர்ம்வேர் போடு. விடுதிக்கு முதலில் போ.

அம்மாவுக்கு மூட்டு மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு. பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் வருகிறோம். அதற்குள் நர்சிங் ஹோம் வேலை முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். போர்ட் திறக்காமல் முடித்துக் கொடு தம்பி. சந்தேகம் எதுவானாலும் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா